மூன்று பாலித்தீன் கவர்

கடல் எல்லையை நெருங்கினால் அலறும் கருவிக்கு சர்க்யூட் போர்டை ஜெர்லினே வரைந்தாள். புதிதாய்ப் பழகுபவர்களுக்கான மென்பொருள். பாகங்களை மவுசால் இழுத்து வைத்தால் போதும், இணைப்புகளை அதுவே போட்டுக்கொடுக்கும். பிழையில்லை என்று பச்சை டிக் வந்த பிறகே போர்டு அடிக்கக் கொடுத்தாள்.

கருவி தயாரானதும் அண்ணன் சந்தனம் அதைப் படகில் கொண்டுபோனான். மறுநாளே எல்லை தாண்டிப் பிடிபட்டுவிட்டான். பக்கத்துப் படகில் தப்பி வந்த ஜெயபாலிடம் ஓடினாள்.

"அண்ணே, அது கத்தலையா?"

"எப்பிடித் தாயி கத்தும்? உப்புத்தண்ணி படக்கூடாதுன்னு செல்போனக் கட்டுற மாதிரி மூணு பாலித்தீன் கவர்ல சுத்தி, ஐஸ்பெட்டிக்கு அடியில வச்சான். கரையில நான் பாத்தேன். 'எந்தங்கச்சி செஞ்சது, எவனும் தொடாதிய'ன்னான்."

ஜெர்லின் வரைபடத்தைத் திறந்து மறுபடி சோதித்தாள். பிழையில்லை என்றே வந்தது.