இருதயம்மாளுக்கு இருபத்தொரு பூசை

சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தேயிலைப் பாக்டரியில் வேலை பார்த்த சூசையப்பனுக்கு இருபத்தேழு வயதில் கல்யாணம் நிச்சயமானபோது, அவன் அம்மா இருதயம்மாள் செத்து இருபத்தொரு வருஷம் ஆகியிருந்தது. செத்த இடம் போடி, வியாதி மஞ்சள்காமாலை. சொன்னவர் அப்பா சுவக்கீன். அவர் கங்காணி. கங்காணி சொன்னதை நம்புவதாகக் காட்டிக்கொள்வது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் பழக்கம்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இருதயம்மாள் பெயரில் ஆத்துமப் பூசை நடக்கும். அவள் கல்லறை போடியில் என்பதால், எஸ்டேட் கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் சூசையப்பன் மெழுகுவர்த்தி ஏற்றுவான். மலைக்காற்று அணைக்கும். மறுபடி ஏற்றுவான். பூசை முடிந்ததும் சுவக்கீன் வீட்டில் சுக்குக்காப்பியும் பன்னும். லயமே திரண்டு வந்து குடித்துவிட்டு, "மகராசி, நல்ல மனுசி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போகும்.

தாயில்லாமல் வளர்ந்ததில் சூசையப்பனுக்கு ஒரு கோளாறு ஒட்டிக்கொண்டது. யார் பஸ் ஏறினாலும் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பான். மூணாறுக்குச் சோப்பு வாங்கப் போகிறவனைக்கூட விடமாட்டான். வேறு எஸ்டேட்டில் அன்னாளைப் பெண் பார்க்கப் போன அன்று, அவள் காப்பித் தட்டோடு உள்ளே திரும்பியபோதும் வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"டம்ளரக் கழுவிட்டு இந்தா வந்துருதேன்" என்றாள் அன்னாள். வரவும் செய்தாள். அதற்குப் பிறகு அவன் வேறு பெண் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னார் மகளைக் கட்டப்போகிறான், தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று உபதேசியார் உரக்க வாசிப்பார். யாரும் எதையும் அறிவித்ததில்லை. 'சுவக்கீன், காலஞ்சென்ற இருதயம்மாள் இவர்களின் குமாரன்' என்று இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று.

அடுத்த புதன்கிழமை ஜீப் டிரைவர் பெரியமுத்து கோயமுத்தூர்ப் பக்கம் போய்த் திரும்பினான். பாக்டரி வாசலில் சூசையப்பனைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஏலே மாப்ள, ஆனைகட்டியில ஒங்கம்மா கடையிலதான் இட்லி தின்னேன். ஒனக்குக் கல்யாணம்னு சொன்னேன். கரண்டியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா."

"யாரு அம்மா?"

பெரியமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியுமேடா."

எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது, இருபத்தொரு வருஷம் சுக்குக்காப்பி குடித்த அத்தனை வாய்க்கும். தெரியாதவர்கள் சூசையப்பனும், மாறி மாறி வந்த சாமியார்களும், மோட்ச வாசலில் சாவியோடு காத்து நின்ற இராயப்பரும்தான்.

அவன் வீட்டுக்கு நடந்த வேகத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது. சுவக்கீன் கண்ணாடி முன் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா ஏன் போனா?"

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "கோவத்துல ரெண்டு அடி அடிச்சேன். இந்த லயத்துல எவன் அடிக்கல?"

"எதால அடிச்சீரு?"

"வெறகுக்கட்ட."

"பொறவு வரவே இல்லியா?"

"வந்தா, ஒன்னியக் கூட்டிட்டுப் போவணும்னு. அதுக்குள்ள மொதப் பூச வச்சாச்சு. செத்தவ எப்படிட்டீ வருவ, ஊரு பயந்துரும்லான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அவளும் போயிட்டாளாக்கும்?"

"போயிட்டா." சுவக்கீன் சோப்பு நுரையை வழித்தார். "கத்தாதல. ஓடிப்போனவ மகனுக்கு செபமாலையம்மா பொண்ணு குடுப்பாளா? செத்தவ மகன்னுதான் குடுக்கா. எல்லாம் ஒனக்காகத்தான். ஞாயித்துக்கெழம ஓல முடியிற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இரி."

அதில் சூசையப்பனால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவனை இன்னும் எரித்தது. அன்னாளின் அம்மா செபமாலையம்மாள், கணவனை விட்டவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால் சிலுவை போட்டுக்கொள்கிற ரகம். வாயைப் பொத்திக்கொண்டால் அன்னாள் வருவாள். திறந்தால் போய்விடுவாள். மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலை வறுத்தான்.

மூன்றாம் ஞாயிறு அன்னாளும் அவள் அம்மாவும் ஓலை கேட்க வந்து முன்வரிசையில் இருந்தார்கள். உபதேசியார் வாசித்தார். "காலஞ்சென்ற இருதயம்மாள்" என்று வந்தபோது பின்னால் யாரோ வழக்கம்போலப் பெருமூச்சு விட்டார்கள். சுக்குக்காப்பிப் பெருமூச்சு. அதைத்தான் சூசையப்பனால் தாங்க முடியவில்லை.

"தடை தெரிந்தவர்கள்..."

"எனக்குத் தெரியும்" என்று எழுந்தான்.

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மாப்பிள்ளையே தடை சொன்னா நான் எங்க போயி எழுதுவேன்?"

"தடை இல்லய்யா, பொய்யி. எங்கம்மா சாவல. ஆனைகட்டியில இட்லிக் கட வச்சிருக்கா. அடி தாங்காம போனவ. அந்தக் காலஞ்சென்றத எடுத்துட்டுத் திருப்பி வாசிங்க. இங்க இருக்க எல்லாருக்கும் இது தெரியும். சாமி, ஒங்களுக்குத்தான் யாரும் சொல்லல."

கோவிலில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தரையில் எதையோ தேடினார்கள். சுவக்கீன் எழுந்து வெளியே போனார். செபமாலையம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அன்னாள் வாசற்படியில் காலை ஊன்றி நின்றுவிட்டாள்.

"யம்மா, நில்லு. திருப்பி வாசிக்கப் போறாங்க."

"கேட்டு என்ன செய்யப்போற?"

"என் ஓலையில்லா? முழுசாக் கேக்கேன்."

சாமியார் உபதேசியாரைப் பார்த்துத் தலையசைத்தார். உபதேசியார் முதலிலிருந்து தொடங்கினார். "சுவக்கீன், இருதயம்மாள் இவர்களின் குமாரன்..." நடுவில் ஒரு வார்த்தை குறைந்ததில் தடுமாறினார். செபமாலையம்மாள் மகளின் கையை விடவில்லை, இழுக்கவும் இல்லை.

சூசையப்பன் நின்றபடியே கேட்டான். அழுகை வரும் என்று நினைத்தான். கோபம்தான் வந்தது. நீ செத்தவள் என்று ஒருத்தர் சொன்னால் சரி என்று திரும்பிப் போய் இருபத்தொரு வருஷம் இட்லி சுடுவாளா ஒருத்தி? பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு? செத்தவளிடம் இதைக் கேட்க முடியாது. இப்போது கேட்கலாம். ஆனைகட்டிக்குப் போய், கடை வாசலில் நின்று, முகத்துக்கு நேராகக் கேட்கலாம்.