பொம்மை விளையாட்டு

நேற்று வந்த வாஷிங் மெஷினின் பிளக்கில் மூன்று பின், சுவரிலோ இரண்டே ஓட்டை. குமாஸ்தா யோசிக்கிற ஆளா? மகள் பள்ளிக்குக் கிளம்பியதும், மேலே இருந்த தடித்த பின்னைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு மாட்டினார்.

"தொட்டா சுருக்குங்குதுங்க," என்றாள் மனைவி.

"உனக்கு எதுலதான் குறையில்ல?" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினார்.

அவருக்கு அன்று வேறு வேலை இருந்தது. பெற்ற மகள் எலக்ட்ரிகல் தொழிற்பிரிவில் சேர்ந்துகொண்டு ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அலைகிறாள். ஆபீசில் கேட்டவர்களிடமெல்லாம் "சயன்ஸ் குரூப்" என்று வாய் கூசாமல் சொல்லி வைத்திருந்தார். எத்தனை நாள் பொய்யை இழுப்பது? தலைமையாசிரியையைப் பிடித்துப் பிரிவை மாற்றிய பிறகுதான் மனுஷனுக்கு மூச்சு வந்தது.

மகளை அழைக்கப் பள்ளிப் பட்டறைக்குப் போனால், அங்கே ஆளுயர ரப்பர் பொம்மை ஒன்று தரையில் மல்லாந்து கிடக்கிறது. ஒரு பெண் அதன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அடுத்தது மகளின் முறை.

"இந்த வகுப்பை மட்டும் முடிச்சுட்டு வரட்டுமே சார்," என்று வாத்தியார் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"பொம்மை வெச்சு விளையாடுற வயசா இது?" என்று நக்கலாகச் சிரித்துவிட்டு, மகளைக் கையோடு இழுத்து வந்துவிட்டார்.

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்குள் மெஷின் ஓடும் சத்தம். கூப்பிட்டால் பதில் இல்லை. பின்கட்டில் தரையெல்லாம் தண்ணீர். மெஷினின் விளிம்பைப் பிடித்தபடி மனைவி விறைத்து நின்றாள். கண் மட்டும் திறந்திருந்தது.

ஐயோ என்று பாய்ந்தார் குமாஸ்தா.

"தொடாதீங்கப்பா! நீங்களும் போயிடுவீங்க!"

கத்திய மகள் அம்மாவிடம் வராமல் வாசல் பக்கம் ஓடினாள். பாவி, பெற்றவளை விட்டுவிட்டு எங்கே ஓடுகிறாள்? டக்கென்று மெயின் சுவிட்ச் இறங்கியது. மெஷின் நின்றது. மனைவி அப்படியே சரிந்தாள்.

மூச்சு இல்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. அது வந்து சேர வேண்டுமே!

"அடுத்து என்னம்மா செய்யணும்? சொல்லு, நீதானே படிச்சே!"

மகள் அம்மாவின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்தாள். கொஞ்சம் மேலே நகர்த்தினாள். மறுபடி கீழே இறக்கினாள்.

"எங்க அழுத்தணும்னு தெரியலப்பா. அந்தப் பொம்மை இதுக்குத்தான். என் முறை வர்றதுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டீங்களே."