நெட்டையனுக்குக் கிடைத்த சாய்வெழுத்து

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. என் மனைவி எழுத்துரு வரைகிறவள். என் நண்பன் நெட்டையனின் நாவல் அட்டைக்கென்றே ஒரு தலைப்பெழுத்து வரைந்து கொடுத்தாள். தடித்த சாய்வெழுத்து. கோடு கரியாக இறங்கி, வளையும் இடத்தில் தலைமுடியாக மெலியும். அந்த 'ஞ' ஒன்று போதும், கடைவீதியில் போகிறவன் நின்று பார்ப்பான்.

(முதலில் 'எனக்கு இதில் பொறாமையே இல்லை' என்று தொடங்கினேன். கை கூசியது, அடித்துவிட்டேன்.)

2

நெட்டையன் தலைக்கனம் பிடித்த...

இல்லை. நெட்டையன் நல்லவன். கதைக்கு ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால் எவ்வளவு வசதி!*

எனக்குக் கழுத்து வலி என்றால் என் மனைவி தைலம் இருக்கும் இடத்தைச் சொல்வாள். 'ஞ'வின் கழுத்து இம்மி பிசகினால் சோற்றை விட்டு எழுந்து போவாள்.

* கெட்டவன் வேடத்துக்கு ஆள் இல்லாததால் நானே ஏற்றுக்கொண்டேன்.

3

அவள் கம்ப்யூட்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்தேன். என் புதுக்கதை முழுவதையும், முதல் வரியிலிருந்து முற்றுப்புள்ளி வரை, அதிலேயே பொடியாக அச்சடித்து வாரப்பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். போனை எடுத்தவள் அவள்தான், ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், கதை வந்துது. ஒண்ணும் புரியல. கறுப்பு கறுப்பா தூண் மட்டும் சாஞ்சு நிக்குது. மீதி எழுத்து எங்க சார்?"

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஏங்க, தலைப்புக்கு வரைஞ்சதைப் போய் கதை முழுக்கப் போட்டீங்களா? பொடிசா வச்சா மெல்லிசுக் கோடெல்லாம் காணாமப் போயிடும்ங்க!"

"எனக்குன்னு ஒண்ணு வரைஞ்சு தந்திருந்தா, நான் ஏன் திருடப் போறேன்?"

சிரிப்பு நின்றது.

4

முடிவு ஒன்று: "உங்களுக்கும் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன்" என்று என் தோளைத் தொட்டாள். (தொடவில்லை. பேனா என் கையில் இருக்கிறது, எழுதிக்கொண்டேன்.)

முடிவு இரண்டு: நெட்டையனின் நாவல் விற்காமல் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்து... (எழுதும்போது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே நிறுத்திவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். அவள் சொன்னாள்: "அவர் நாவலைப் படிச்சேங்க. படிச்சு முடிச்சதும் கை தானா அப்படிச் சாஞ்சு போச்சு. நான் எங்க வரைஞ்சேன்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5

என் கதையைப் படிக்கும்போது உன் கை என்ன செய்யும் என்று கேட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்குப் பதில், இந்தக் கதையில் இதுவரை எழுதிய தாள்களை அவளிடம் கொடுத்துவிட்டேன். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கிறாள். பென்சில் அவள் எதிரில் கிடக்கிறது. இங்கிருந்து எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் வெளி ஆள், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பென்சிலை எடுத்தாளா?

எடுக்கவில்லை என்றால் என்னிடம் சொல்லாதீர்கள்.