கறுப்புப் பட்டை போட்ட பக்கம்

"ஆபீஸ்ல இருக்கிற என் நோட்டுல உனக்கு ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன், மறக்காம வாங்கிக்கோ" என்று ஆஸ்பத்திரியில் அவள் கணவர் சொல்லியிருந்தார். அவர் போன பிறகு அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

அவர் வேலை பார்த்த சட்ட நிறுவனத்தில் முந்நூறு வக்கீல்கள், பதினொரு மாடி. 'வணக்கம்' என்று ஒரு கடிதம் போக வேண்டுமானாலும் ஒருவர் எழுதி, மூவர் திருத்த வேண்டும். நோட்டைக் கேட்டதும், அதில் கட்சிக்காரர்களின் ரகசியம் இருக்கும் என்றார்கள். இரண்டு இளம் வக்கீல்கள் ஒரு வாரம் உட்கார்ந்து படித்து, வெளியே போகக்கூடாத வரிகளின்மேல் கறுப்புப் பட்டை போட்டு நகல் எடுத்தார்கள்.

நிறுவனத் தலைவரே அதைக் கொண்டுவந்து நீட்டினார். எந்தக் காகிதம் வந்தாலும் ஒரு காற்புள்ளியையாவது இடம் மாற்றாமல் விடமாட்டார். அதனால் அவருக்கு அங்கே 'கமா' என்று பெயர்.

அவள் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் கரி பூசியதுபோல் இருந்தது. நடுவே சில வரிகள் மட்டும் பிழைத்திருந்தன. 'கமாவுக்கு மூணாவது கொட்டாவி.' 'கமா பேசி நாப்பது நிமிஷம். விஷயம் இன்னும் வந்து சேரல.'

"இதையெல்லாம் விட்டுட்டீங்களே?"

"அதுல கட்சிக்காரர் ரகசியம் எதுவும் இல்லைன்னாங்கம்மா" என்றார் கமா, இஞ்சி தின்ற குரங்கின் முகத்தோடு.

கடைசிப் பக்கத்தில் 'அவளுக்கு' என்ற தலைப்பு மட்டும் தெரிந்தது. கீழே ஒரே கறுப்பு.

"இது எனக்கு எழுதினது!"

பட்டை போட்ட இளம் வக்கீல்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். "நம்பர் போட்டு, இதைச் செய், இதைச் செய்யாதேன்னு எழுதியிருந்தார், மேடம். வக்கீல் சொன்ன ஆலோசனைன்னா அடிச்சிடணும். அதான் விதி."

இருபத்தாறு வருஷம் ஒரு வக்கீலோடு குப்பை கொட்டியவள் சும்மா போவாளா?

"ஆலோசனை யாருக்கு?"

"உங்களுக்கு."

"அப்ப கட்சிக்காரி நான்தானே? ரகசியம் கட்சிக்காரருக்குச் சொந்தமா, வக்கீலுக்கா?"

கமா இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டார். நாலு பேரும் பக்கத்து அறைக்குள் போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். அவளைக் கட்சிக்காரியாகப் பதிவு செய்வதாக முடிவாகியிருந்தது. படிவத்தில் 'எதிர்த்தரப்பு' என்ற இடத்தில் இளம் வக்கீல் திணறினாள்.

"எங்க வீட்டுக்காரர்னு போடும்மா."

"அவர்தானே உங்க வக்கீல்?"

"அதான் இத்தனை வருஷத்துல நான் ஒரு கேஸும் ஜெயிக்கல."

மூலப் பக்கம் வந்தது. "எங்களைப் பத்தி ஏதாவது..." என்று கமா எட்டிப் பார்த்தார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு படித்தாள்.

'1. பீரோ சாவியைத் தேடாதே. பூட்டு கெட்டு வருஷமாச்சு. இழுத்தால் வரும்.

2. இரங்கல் கூட்டத்தில் கமாவுக்கு மைக் கொடுக்காதே.

3. கட்டிலில் இனி என் இடத்தில் படு. ஜன்னல் காற்று அங்கேதான் வரும். இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லவில்லை.'

"பாவி மனுஷா!" என்றாள், வாய்விட்டு.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று கமா இரண்டடி பின்வாங்கினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், பட்டப்பகலில், கட்டிலில் அவர் இடத்தில் படுத்துப் பார்த்தாள்.

காற்று வரத்தான் செய்தது.