நூற்றுப்பன்னிரண்டாம் தூர்

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்சீட்டுகள் வரிசை பிசகாமல் நிற்பதைப் பார்த்ததும் பைக்குள் நடவு வரைபடத்தைத் தேடினேன். நூற்றறுபது குச்சிகளில் நூற்றறுபது சீட்டுகள். வயலிலோ ஒரே ஒரு கோதுமைத் தூர்தான் நின்றது. மற்றதையெல்லாம் பிடுங்கச் சொல்லி முந்தாநாள் போன் செய்தவளே நான்தான்.

"போன மாச மழையில சீட்டுப்பூராம் பிச்சுக்கிட்டுப் போச்சு ரீனாம்மா" என்றார் ஆரோக்கியம்மாள் அக்கா. சேவுகம்பட்டிப் பக்கம் அவருடைய நிலத்தில்தான் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைப் பயிர். "ஒண்ணுவிடாமப் பொறக்கி, சின்னாளப்பட்டி நூல் வாங்கி நானே கட்டிட்டேன். நீங்கதான் நம்பரக் கன்னாபின்னான்னு போட்டிருந்தீக. சரியா வரிசப்படுத்திட்டேன்."

அவர் முகத்தில் அம்புட்டுப் பெருமை. ஒரு பக்கத்து மண் வளம் எங்களை ஏமாற்றிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே கலைத்துப் போட்ட எண்கள் அவை. அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். படித்த திமிர், வேறென்ன?

நாலு வருடமாக ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய பயிர். கையிருப்பு விதை முழுவதையும் இதில்தான் விதைத்திருந்தோம். மழைக்கு முன்பே ஒவ்வொரு தூரிலும் இலை கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். துருநோயையும் மாசி மாத வெயிலையும் தாங்கும் மரபணு இரண்டும் ஒருசேர இருந்தது நூற்றுப்பன்னிரண்டில் மட்டும். அதில் வேறு மகரந்தம் கலக்காமலிருக்க மற்றதைப் பிடுங்கிவிடுவது வழக்கம். பிடுங்குவதற்கு முன் அதில் இன்னொரு இலை கிள்ளிச் சரிபார்க்க வேண்டும், அதுதான் முறை. சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம், பஸ் மாறி வரச் சோம்பல். போனிலேயே வேலையை முடித்துக்கொண்டேன்.

நடவு வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். இப்போது நூற்றுப்பன்னிரண்டு என்று நிற்பது உண்மையில் முப்பத்தேழு. ஆய்வு முடிவில் அதற்கு நேராக இரண்டுமே இல்லை. உண்மையான நூற்றுப்பன்னிரண்டு மூன்றாவது வரிசையில் ஒன்பதாவதாக இருந்தது.

"பிடுங்குனதெல்லாம் எங்கக்கா?"

"பச்சப் பயிரு, வீணாப் போகுதேன்னு மாட்டுக்குப் போட்டேன். நேத்தே தின்னு தீத்துருச்சு. ஏம்மா, தப்பா?"

"இல்லக்கா." தப்பு யாருடையது என்று சொல்லாமல் வரைபடத்தை மடித்தேன்.

"இந்த ஒத்தத் தூருக்குத்தான் இம்புட்டுப் பாடா!" என்று அதைத் தடவிக் கொடுத்தார் அக்கா. "செத்த நேரம் இருங்க, தண்ணி தொறந்துவிட்டு வாரேன். இத நான் பிள்ள மாதிரி பாத்துக்கிறேன்."

மோட்டார் ஓடத் தொடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பிடுங்கிய குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் ஒன்பதாவது குழியில் செத்தையோடு ஒருமுறை சுழன்று, அந்த ஒற்றைத் தூரை நோக்கி மெதுவாகப் போனது.