ஓடிப்போகாத நட்சத்திரம்

அந்த வானாய்வு மையத்தில் அவளைக் கறார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேரேயே. அளவு என்று வந்துவிட்டால் அவள் யாருக்கும் தாட்சண்யம் பார்த்ததில்லை. ஒரு நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதில் தனிமங்கள் பதிக்கும் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன, விலகிப் போகும் நட்சத்திரத்தில்தான் அப்படி நகரும், ஆகவே அது தன் நட்சத்திரக் கூட்டத்தை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னவள் அவள்தான். அந்த ஓடுகாலியைப் பற்றித்தான் இன்று மத்தியானம் பேசப்போகிறாள். பேச்சு எடுபட்டால் நிரந்தர வேலை.

காலையில், பேச்சுக்குப் படம் ஒன்று குறைகிறதே என்று இரும்பின் கோடுகளையும் அளந்தாள். நட்சத்திரம் ஓடினால் எல்லாக் கோடுகளும் சேர்ந்து நகர வேண்டும்; இவை நகரவேயில்லை. மறுபடி அளந்தாள். அப்போதும் ஆடாமல் அசையாமல் நின்றன.

அது காந்தம் மிகுந்த நட்சத்திரம். காந்தம் இரும்பின் கோடுகளைப் பிளந்து கந்தலாக்கிவிடும். அந்தக் கந்தலோடு யார் மல்லுக்கட்டுவது என்று, லட்சணமாக நின்ற கால்சியம் கோடுகளை மட்டும் அளந்திருந்தாள். இப்படிப்பட்ட நட்சத்திரங்களில் தனிமங்கள் கலந்து கிடப்பதில்லை, அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். கால்சியத்திலேயே நியூட்ரான் கூடுதலாகச் சுமக்கும் கனத்த ஐசோடோப்பு ஒன்று, கனமாக இருந்தும், மேலடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் கோடு விழும் இடமே கொஞ்சம் சிவப்புப் பக்கம்தான். நட்சத்திரம் எங்கும் ஓடவில்லை.

பக்கத்து அறைக்காரனுக்கு இளநரை, அதனால் எல்லோருக்கும் அவன் தாத்தா. அந்தக் கூட்டத்தின் வயதைக் கணித்தபோது இந்த நட்சத்திரத்தையும் சேர்த்திருந்தான். சம்பந்தமில்லாததை ஏன் ஒட்டவைக்கிறாய் என்று எல்லோர் முன்னாலும் அவனை வாங்குவாங்கென்று வாங்கியவள் அவள்தான். நட்சத்திரத்தை எடுத்ததும் கணக்கு ஆட்டம் கண்டது, கட்டுரையைக் கிடப்பில் போட்டுவிட்டான்.

அவன் மேஜை முன் போய் நின்றாள்.

"தாத்தா, உன் நட்சத்திரம் ஓடிப்போகலடா. கூட்டத்துலதான் இருக்கு. நகர்ந்தது கனத்த கால்சியம்."

அவன் டீயைக் கீழே வைத்தான். "இரும்பை அளந்தீங்களா?"

"இன்னைக்குத்தான்."

"நான் அப்பவே அளந்தேன்க்கா. நகரல."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க அளந்தா தப்பா இருக்காதுன்னு, என் அளவைத்தான் தூக்கிப் போட்டேன்."

அவளுக்குக் கூசியது. இத்தனை நாள் கறார் என்ற பேரைப் பட்டம் போல் சூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"மத்தியானம் என்ன பேசப்போறீங்க?"

"இதைத்தான்."

"வேலை கிடைக்காம போயிடுமேக்கா."

"போனா போகட்டும். நீ முன்வரிசையில உக்காரு. நான் எதையாவது தப்பா சொன்னா, அங்கேயே நிறுத்து."