சோழவரத்தில் ஒரு சுற்று

என் வண்டி ஒரு தெருவுக்குள் திரும்பினால் ஜனங்கள் வாசலுக்கு வந்து, யார் வீட்டுக்கு என்று பார்ப்பார்கள். செங்கல்பட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அதில் ஆம்புலன்ஸ் டிரைவர் நான். பெயர் ஏசுபாதம். உயிரோடு ஏற்றிக்கொண்டு வருவதும் நான்தான், உயிர் போனால் ஊரில் கொண்டுபோய் இறக்குவதும் நான்தான். இரண்டுக்கும் ஒரே வண்டி. ஆனால் ஜனங்களுக்கு இரண்டாவது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். மகாபலிபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டுக்குப் போனால், யாருக்கு என்று தெரிவதற்கு முன்பே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அதே கொக்கிலமேட்டுக்காரர்கள் எத்தனையோ பேரைக் குணமாக்கிக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அதை எவனும் பேசமாட்டான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மதுராந்தகத்தில் ஒரு பெண் பார்த்தார்கள். பஸ்ஸில் போயிருக்கலாம். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு நோயாளியை இறக்க வேண்டியிருந்ததால், திரும்பும்போது வண்டியோடு பெண் வீட்டுக்குப் போனேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் இறங்குவதற்குள் அக்கம்பக்கம் முழுக்கக் கூடிவிட்டது. யாரோ ஒரு கிழவர் பெண்ணின் அப்பாவைக் கட்டிக்கொண்டு, எப்போது ஆச்சு என்று கேட்டார். அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பெண் கொடுக்கிறேன் என்று யாரும் வரவில்லை, நானும் தேடவில்லை.

சோழவரத்தை முதலில் பார்த்தது ஒரு லீவு நாளில். மெட்ராஸுக்கு வடக்கே பழைய விமான தளம் அது. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே கார் ரேஸ், பைக் ரேஸ் நடக்கும். சவுக்குக் கட்டைத் தடுப்புக்குப் பின்னால், கொளுத்துகிற வெயிலில், ஆயிரக்கணக்கான ஜனத்தோடு நின்று பார்த்தேன். வேகம் பெரிசில்லை எனக்கு. அந்தக் கார்கள் எங்கேயும் போகவில்லை பாருங்கள், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார்கள். ஒருத்தனையும் ஏற்றவில்லை, ஒருத்தனையும் இறக்கவில்லை, ஒருத்தி வீட்டிலும் அழுகை இல்லை. சும்மா ஓட்டுகிறார்கள். எனக்கு வயிறெரிந்தது. பதினான்கு வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன், ஒரு நாளாவது சும்மா ஓட்டியிருக்கிறேனா? அங்கே ஒரே ஒரு சுற்று, பின்னால் யாரும் இல்லாமல் போய்வர வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம், வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனது.

எழுபத்தாறில் அது வாய்த்தது. எங்கள் டாக்டர் சிவப்பிரகாசம் ரேஸ் பைத்தியம். முதலுதவிக்கு வருகிறேன் என்று ரேஸ் நடத்துகிறவர்களிடம் ஒப்புக்கொண்டு, எங்கள் வண்டியையும் கேட்டு வாங்கிவிட்டார். "ஏசுபாதம், ரெண்டு நாள் சோழவரம் போகணும், டயர் காத்தெல்லாம் பாத்துக்க" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் வண்டியை மூன்று தடவை கழுவினேன்.

போனதும் டாக்டர் என்னையும் வார்டு ஆள் அப்பாசாமியையும் நிறுத்தி வைத்துச் சட்டம் சொன்னார். கொடி காட்டினால்தான் தடத்துக்குள் போக வேண்டும். எல்லாரும் போகிற திசையிலேயே போக வேண்டும். விழுந்தவனைத் தாண்டிவிட்டால் திரும்பக் கூடாது, ரிவர்ஸ் எடுக்கக் கூடாது, முழுசாகச் சுற்றித்தான் வர வேண்டும். எதிரே வருகிறவன் மேல் மோதினால் இரண்டு பேரும் காலி. "புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. எவனாவது விழுந்தால்தான் நான் உள்ளே போக முடியும்.

முதல் நாள் யாரும் விழவில்லை. தடத்துக்குள் போகிற வழியில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது ஆண்டவரே என்று மனதார ஜெபம் பண்ணினேன். பொழுது சாய்ந்து எல்லாரும் புறப்பட்டபோது, ஜெபம் கேட்கப்பட்டதற்கு எனக்குச் சந்தோஷம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது. மனுஷன் எவ்வளவு கேவலமானவன் என்று அன்றைக்கு என்னை வைத்தே தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பைக் ரேஸ். அப்பாசாமி நெளிந்துகொண்டே இருந்தான். "அண்ணாத்த, வயிறு பேஜாரு பண்ணுது. தோ வந்துர்றேன்" என்று இறங்கிப் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் சத்தம் ஒன்று கேட்டது. ஜனம் மொத்தமும் எழுந்து நின்றது. சிவப்புக் கொடி ஆட்டி ரேஸை நிறுத்தினார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவன் என் கதவைத் தட்டினான்.

"கோடி வளைவாண்ட ஒருத்தன் வுழுந்துட்டான். போ, போ."

"வார்டு ஆளு இல்ல, தோ வந்துருவான்."

"அவனுக்கா கொடி காட்றாங்க? ஒனக்குத்தான்யா. போ."

போனேன்.

அப்பாசாமி இல்லாமல், பின்னால் வெறும் ஸ்ட்ரெச்சரோடு போனேன். தடம் முழுக்கக் காலி, எனக்காகக் காலி. அவ்வளவு அகலமான ரோட்டில் நான் ஓட்டினதே இல்லை. குழி இல்லை, மாடு இல்லை, மாட்டு வண்டி இல்லை. மிதித்தேன். முள் நாற்பது, ஐம்பது என்று ஏறியது. எங்கள் வண்டி ஐம்பதைத் தாண்டினால் ஆடும், அன்றைக்கு ஆடவில்லை. முதல் வளைவில் வைக்கோல் கட்டுகள் ஓரமாக வந்து ஒதுங்கின. ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடித்தது. அறுபது. நான் சிரித்தேன். நிஜமாகச் சொல்கிறேன், வாய்விட்டுச் சிரித்தேன். ஏதோ கத்தினேன்கூட. கோடி வளைவு வந்தது, நான் பார்த்து வைத்திருந்த மாதிரியே வெளிப்பக்கமாகப் போய் உள்ளே வெட்டித் திருப்பினேன். வண்டி அழகாகத் திரும்பியது. ஓரத்தில் இரண்டு பேர் கையை ஆட்டுவது கண்ணில் பட்டது. எனக்காகத்தான் ஆட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பெரிய வீரன் வருகிறேன் பாருங்கள், கையாட்டுகிறார்கள்.

வளைவைத் தாண்டி நேர் ரோட்டுக்கு வந்த பிறகுதான், ஐயோ, நான் எதற்காக வந்தேன் என்பது உறைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். அந்த இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். காலடியில் ஒருத்தன் கிடந்தான்.

ரிவர்ஸ் கூடாது. சுற்றித்தான் வர வேண்டும். மீதிச் சுற்றை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். அதே ரோடுதான், அதே காற்றுதான். இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும். திரும்பி அவனிடம் போனபோது அவனுக்கு நினைவு இல்லை. இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே பார்க்கிற மாதிரி இல்லை. அந்த இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்கி ஏற்றினோம்.

எல்லாரும் எனக்கு நல்லவர்களாக இருந்தார்கள், அதுதான் கொடுமை. "பிரேக் பிடிக்கலையா?" என்று டாக்டரே எடுத்துக் கொடுத்தார். "ஆமா சார்" என்றேன். அவனை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த மறுநாள் மெக்கானிக் வண்டியைப் பார்த்தான். பிரேக் நன்றாக இருக்கிறது என்று தலையைச் சொறிந்தான். நன்றாக இருந்த பிரேக்கைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள்.

அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிருந்தால் என்று. எலும்பு தூளாகிவிட்டது, விழுந்தபோதே கால் போய்விட்டது, அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்றார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால், தரையில் கிடக்கிறவன் கண் முன்னால் ஆம்புலன்ஸ் சிரித்துக்கொண்டு தாண்டிப் போனதே, அதற்கு யார் காரணம்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது. அந்த முதல் பாதிச் சுற்று அத்தனை நன்றாக இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. டீக்கடையில் என் பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள், உட்கார்ந்தாலும் எப்படிச் சொல்வது?

ஆவணி மாசம், கொக்கிலமேட்டில் ஒருத்தியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கண் மங்குகிற வயசில்லை எனக்கு, ஆனாலும் பூஞ்சேரி கூட்டு ரோட்டில் ஒருத்தன் என் வண்டியைப் பார்த்துக் கை நீட்டுவதை நம்ப முடியவில்லை. வேறு வண்டி என்று நினைத்துவிட்டானோ என்று மெதுவாகப் போனேன். கையை எடுக்கவில்லை. அக்குளில் ஒரு கட்டை. இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

"செங்கல்பட்டு போவுதா அண்ணாத்த? முன்னாடி குந்திக்கட்டா?"

"குந்து தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

தேவனேரிக் கடற்கரைக் குப்பத்துக்காரன், பெயர் செல்வராஜ், கல்பாக்கத்தில் வெல்டராக இருந்தவன். இதெல்லாம் நான் கேட்காமலே சொன்னான். திருக்கழுக்குன்றம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"இது தை மாசம் சோழவரத்துக்கு வந்த வண்டிதான? ஒன் மூஞ்சி ஞாபகம் இல்ல. வண்டி ஞாபகம் கீது."

"ஆமா" என்றேன்.

"ஒன்ன ஒண்ணு கேக்கணும்னு ஏழு மாசமா நெனச்சிக்கினு கீறேன். நா வுழுந்து கெடக்கிறேன், ஒன் வண்டி வருது. தாண்டிப் போச்சு. பக்கத்துல இருந்தவனுங்க கத்தினானுங்க. நாந்தான் சொன்னேன், கத்தாதீங்கப்பா, அந்தாண்ட எவனோ என்னெவுட மோசமா கெடக்கிறான் போலகீது, மொதல்ல அவன பாக்கட்டும்னு. அதுக்கப்புறம் எனக்கு நெனப்பு இல்ல."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"பேப்பர்ல எம்பேரு மட்டும்தான் போட்டான். பேப்பர்காரன் இன்னாத்த ஒழுங்கா போட்டான்? கால எடுத்தப்பகூட மனச தேத்திக்கினேன். போனது கால்தான், நம்ம மொறைய வுட்டுக் குடுத்தோம், ஒரு உசிரு பொழச்சிருக்கும்னு. டெய்லி வெளக்கு வெக்கறப்போ அவனுக்கும் சேத்து வேண்டிக்கினு கீறேன். எங்கம்மாகூட கேக்குது, அந்தப் புள்ள எப்டி கீதோன்னு. பொழச்சானா அண்ணாத்த?"

பொழைத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் இருந்தது. டாக்டரிடம் பொய் சொன்னவன்தானே நான், இதற்கு என்ன? ஆனால் இத்தனை வருஷத்தில் தானாகக் கை காட்டி ஏறி, அந்த சீட்டில் உட்கார்ந்து என்னிடம் பேசினவன் அவன் ஒருத்தன்தான். அவனிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அங்க யாரும் இல்ல தம்பி. நீ மட்டுந்தான். எனக்கு அந்தத் தடத்துல ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆச. ஓட்டிக்கினு வந்ததுல ஒன்ன மறந்துட்டேன்."

அவன் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு மைல் போனது. நானும் வேகத்தைக் குறைக்கவோ கூட்டவோ இல்லை.

"எத்தினி போச்சு?" என்றான்.

"அறுபது."

"எப்டி இருந்துச்சு?"

அதைக் கேட்க ஆள் இல்லாமல் ஏழு மாசம் செத்தேன். கேட்டதும் இவன்தான். நன்றாக இல்லை என்று சொல்ல முடியவில்லை. "நல்லா இருந்துச்சு தம்பி" என்றேன்.

"எனக்குந்தான்" என்றான். "அந்த வளைவு வரிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, "வண்டிய நிறுத்து" என்றான்.

"இங்க ஒண்ணும் இல்லியே. திருக்கழுக்குன்றம் வரிக்கும் வா."

"நிறுத்து அண்ணாத்த."

நிறுத்தினேன். கட்டையை முதலில் கீழே ஊன்றி, கதவைப் பிடித்து இறங்கினான். நான் இறங்கி அந்தப் பக்கம் போவதற்குள் நின்றுவிட்டான். என்மேல் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் கோபம் இல்லை.

"அவன் ஒருத்தன் இருந்திருக்கலாம்" என்றான். "போ. நா பஸ்ஸுல வர்றேன்."

பஸ் வரும்வரை நான் நிற்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ரோட்டோரத்து ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வண்டியை எடுத்தேன்.

செங்கல்பட்டு வந்து, வண்டியைக் கொட்டகையில் விட்டு, ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதேன். எனக்கு அம்மா அப்பா இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஆனாலும் தேவனேரியில் ஒரு வீட்டில் ஏழு மாசமாக, தினம் விளக்கு வைக்கிற நேரத்தில், அந்த வண்டி யாருக்காகத் தாண்டிப் போனதோ அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு மகனும் தாயும் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த வண்டி தாண்டிப் போனது எனக்காக மட்டும்தான். அன்றைக்குச் சாயங்காலம் முதல் அந்த வீட்டில் அதுவும் நின்றிருக்கும்.